பரஸ்தானம் போன சக்கரம்

ஆத்தாவால் படுக்க முடியாமல் போன அந்தக் கோடையில்தான் நான் முதன்முதலாக ஓர் எஞ்சினின் தலையைக் கழற்றினேன்.

திருச்சியில் பி.எஸ்சி. பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை முடிந்து திருமயம் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்து இறங்கியபோது வாசலிலேயே அந்தச் சத்தம் கேட்டது. ஆத்தா, என்னைப் பெற்றவள், பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு மெல்லிய ஊதல். வெளியே விடும்போது ஓசையில்லை. திரும்ப ஊதல். கழுத்தின் முன்புறம் ஒரு வீக்கம். பொங்கலுக்கு வந்தபோது நெல்லிக்காய் அளவில் இருந்தது, இப்போது எலுமிச்சம்பழம். படுத்தால் அது மூச்சுக்குழலை அழுத்தியது. அதனால் பகலும் இரவும் அந்த நாற்காலியிலேயே இருந்தாள்.

"என்னத்தா, பரிச்ச நல்லா எழுதுனியா?" என்று கேட்டாள். மகளையும் அவள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சின்னக் கேள்விக்கே நடுவில் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அய்யாவிடம், என் அப்பாவிடம், புதுக்கோட்டை டாக்டர் சொல்லியிருந்தார்: "இங்க வச்சுப் பாக்குற விசயமில்லைங்க. மெட்ராசுக்குக் கொண்டு போங்க. நாளக் கடத்தாதீங்க."

அய்யா நாளைக் கடத்தவில்லை. நான் வருவதற்கு முன்பே ஒருமுறை ரயிலில் அழைத்துப் போயிருக்கிறார். கீரனூர் தாண்டுவதற்குள் எஞ்சின் கரிப்புகை ஜன்னல் வழியே அடித்து ஆத்தாவுக்கு இருமல் வந்துவிட்டது. இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நாவல்பழம் தின்றதுபோல ஆகிவிட்டது என்று அய்யா சொன்னார். திருச்சியில் இறக்கி, கூட்டமில்லாத பஸ்ஸாகப் பார்த்து ஏற்றித் திரும்பக் கொண்டு வந்துவிட்டார். வாடகைக் கார்க்காரர்களைக் கேட்டதில் ஒருவரும் துணியவில்லை. ஆத்தாவைக் கண்ணால் பார்த்ததுமே, "வழியில ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்றார்களாம்.

எங்கள் அரவை மில் லாரியின் குலுக்கல் அவளுக்கு ஆகாது. மிச்சம் இருந்தது மில்லின் வண்டிக் கொட்டகையில் நின்ற பழைய கார்.

அது யுத்தத்துக்கு முந்தின சீமைக் கார். சமஸ்தானத்து உத்தியோகஸ்தர் ஒருவர் வைத்திருந்தது. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகையில் அய்யா வாங்கிப் போட்டார். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அதைக் கரிவாயுவில் ஓட்டியிருக்கிறார்கள். பின்னால் அந்தக் கரி அடுப்பைப் பொருத்துவதற்காகப் போட்ட ஓட்டைகள் அப்படியே இருந்தன. இரண்டு வருஷம் ஓடியது, பிறகு நின்றது. நான்கு மரக்கட்டைகளின்மேல் வயிறு பதித்து, தலையில் வௌவால் எச்சத்தோடு. அதன் ஐந்து சக்கரங்களும் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருந்தன.

எனக்கு எஞ்சின் என்றால் பித்து. மில்லின் ஆயில் எஞ்சினைச் சுற்றித்தான் வளர்ந்தேன். கல்லூரியில் நான்கு வீச்சு எஞ்சினை, ஃபோர் ஸ்ட்ரோக்கை, படம் போட்டுப் பாகம் குறித்தவள் நான். மறுநாள் காலை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அங்கே சித்தப்பா ஏற்கெனவே காரின் மூடியைத் திறந்துவைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அய்யாவின் தம்பி. யுத்தத்தில் பர்மா எல்லையில் பட்டாளத்து லாரி ஓட்டியவர், இப்போது எங்கள் மில் லாரி. எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர். அன்று என்னைப் பார்த்தும் அவருக்குக் கேலி வராதது எனக்குப் பிடிக்கவில்லை.

"என்ன சித்தப்பா, ஓடுமா?"

"ஓட்டலாம். ஓடுமான்னு அதத்தான் கேக்கணும்."

"மெட்ராஸ் வரைக்கும்?"

அவர் ரேடியேட்டரின் அடியில் விரலை வைத்துத் தேய்த்தார். பச்சைக் களிம்பு ஒட்டிக்கொண்டு வந்தது. "கத்திரி வெயிலு. இருநூத்தம்பது மைலு. இது தண்ணிய நிறுத்தாது. பிரேக்குக் கம்பி எல்லாம் துரு. டயரு ஒவ்வொண்ணும் எங்கப்பன் காலத்துச் செருப்பு மாதிரி இருக்கு. மதினிய இதுல ஏத்தணும்னா..." என்று நிறுத்தினார். கொட்டகையின் கூரைச் சந்து வழியே வீட்டிலிருந்து அந்த ஊதல் இங்கேயும் கேட்டது. இருவரும் கேட்டோம். அவர், "ஸ்பானர எடுங்க எஞ்சினீரம்மா. படம் போட்டுக் காட்டுனது போதும்" என்றார்.

வேலை தொடங்கியது. ரேடியேட்டரைக் கழற்றிப் புதுக்கோட்டையில் ஈயம் பற்றவைக்கிறவரிடம் கொடுத்தோம். எஞ்சினின் தலையைக் கழற்றினோம். உள்ளே கரி அப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினோம். தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் செப்புத் தகடு, கேஸ்கெட், ஓரிடத்தில் எரிந்து பிளந்திருந்தது. அது இல்லாமல் தலையை மூட முடியாது. அந்தப் பழைய மாடலுக்கு மதுரையில் ஒரு கடைக்காரர்தான் தேடித் தருவதாகச் சொல்லி அனுப்பினார், கொஞ்சம் பொறுக்கவேண்டும் என்று.

பொறுப்பது எங்களால் முடியும். ஆத்தாவின் கழுத்தால் முடியுமா என்பதுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

அய்யா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். வடக்கே போக வேண்டும். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வருகிற வியாழக்கிழமை காலை நல்ல நேரம் இருந்தது. அதை விட்டால் அஷ்டமி, நவமி, கரிநாள், பிறகு ஆத்தாவின் ராசிக்குச் சந்திராஷ்டமம். அய்யா படித்துக்கொண்டே போகப் போக அவர் விரல் பக்கத்தின் அடிவரை இறங்கிவிட்டது. பஞ்சாங்கம் படிப்பவர் அய்யா. ஆனால் தீர்ப்புச் சொல்பவள் அத்தை. அய்யாவின் அக்கா, கணவரை இழந்து எங்களோடு இருந்தவள்.

"வியாழக்கெழமைய விட்டா நாளே இல்ல," என்றாள் அத்தை.

"வியாழக்கிழமைக்குள்ள வண்டி ஆகாது அத்தை. கேஸ்கெட் வரணும்."

"வண்டி ஆவலைன்னா பரஸ்தானம் வைப்போம்."

பரஸ்தானம் என்றால் இதுதான்: நல்ல நாளில் கிளம்ப முடியாவிட்டால், பயணத்துக்குரிய பொருள் ஒன்றை அந்த நல்ல நேரத்தில் வீட்டை விட்டு வெளியேற்றி, போகிற திசையில் வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு வசதிப்பட்ட நாளில் கிளம்பி, வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு. வெளியே போனது வாசலுக்குத் திரும்பக் கூடாது.

சாதாரணமாக ஒரு சேலையோ வேட்டியோ மூட்டை கட்டி அனுப்புவார்கள். அத்தை ஒப்பவில்லை.

"ரயிலுக்குப் போனப்ப அவ சேலையத்தான வச்சோம்? என்னாச்சு? சேலைக்கா மூச்சு முட்டுச்சு, அவளுக்குத்தான முட்டுச்சு? இந்தத் தடவ ஓடுற சாமான்தான் போவணும்."

"அப்ப ஆரனக் கழட்டித் தாரேன்க்கா," என்றார் சித்தப்பா. "வழியெல்லாம் ஊதிக்கிட்டே போவட்டும்."

"சிரிடா, சிரி. ஓடுறதுன்னா சக்கரம்."

அத்தை நேரே கொட்டகைக்கு வந்தாள். சுவரோரம் இருந்த ஐந்து சக்கரங்களையும் பெண் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நடந்தாள். தேய்ந்தது, விரிசல் விட்டது, ஒட்டுப் போட்டது எல்லாவற்றையும் தள்ளி, பட்டை பட்டையாக வெட்டு வரிகள் மறையாமல் இருந்த ஒன்றைத் தொட்டாள். "மூளியானத அனுப்பக் கூடாது. இது போவட்டும்." அது ஒன்றுதான் உருப்படியான டயர். யுத்தம் முடிந்ததும் வாங்கி அதிகம் ஓடாதது. சித்தப்பா வாயைத் திறந்தார். அய்யா அவரைப் பார்த்தார். "சரி, வழியிலதான எடுத்துக்கிடப் போறோம்," என்று சித்தப்பா வாயை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஆத்தாவின் கையால் தொடச் சொன்னார்கள். ஆத்தா தொட்டுவிட்டு, "எனக்கு முன்னாடி... மகராசி கெளம்பிட்டா," என்றாள். சிரிக்கப் போய் அது ஊதலாகி, அத்தை ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

சித்தப்பாவும் நானும் மில் லாரியில் சக்கரத்தைக் கொண்டு போனோம். நார்த்தாமலைக்குப் பக்கத்தில், திருச்சி ரோட்டு மேலேயே அத்தை மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. வேறெங்கும் இடமில்லாமல், மாப்பிள்ளை அதை உருட்டிக்கொண்டு போய் ஓர் அறையில் சுவரோடு சாய்த்தார். அந்த அறையில் அவருடைய தகப்பனார் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். எலும்பும் தோலுமாக, கண் மட்டும் துறுதுறுவென்று. சக்கரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"சக்கரம் வந்துருச்சு. வண்டி எங்க?"

"பின்னாடி வருதுங்க மாமா," என்றார் சித்தப்பா.

"அப்படியா. என்னயக் கூட்டிப் போகத்தான் வந்துருக்கோன்னு நெனச்சேன்."

மாப்பிள்ளை சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். திரும்பி வரும்போது சித்தப்பா புதுக்கோட்டை வரை லாரியை விரட்டிக்கொண்டு வந்தார்.

வால்வுகளைத் தேய்க்கும் வேலை எனக்கு வந்தது. வால்வு என்பது எஞ்சின் மூச்சு வாங்கி விடும் வாய். அது தன் இருப்பிடத்தில் ஒட்டாமல் சந்து விட்டால் எஞ்சினுக்குப் பலம் இருக்காது. அரைப்புப் பசையைத் தடவி, கைப்பிடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, மோர் கடைகிற மாதிரி இங்கிட்டும் அங்கிட்டும் சுழற்ற வேண்டும். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் ஆத்தா நாற்காலியைக் கொட்டகை வாசலில் போடச் சொன்னாள். நான் கடைய, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெண்ணெ எப்ப... வரும்?"

"நாளைக்கு வரும் ஆத்தா. நீ பேசாத."

"நீ இம்புட்டு நேரம்... மோர் கடஞ்சு... நான் பாத்ததே இல்ல."

எனக்குக் கை ஓடியது. கரகரவென்ற சத்தம் மெல்ல மெல்ல வழவழப்பாக மாறி, பசை தேய்ந்து, உலோகத்தில் மங்கலான சாம்பல் வளையம் ஒன்று முழுதாக விழுந்தபோது, நான் துள்ளி எழுந்து சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த நேரத்தில் எங்கள் மூவரில் யாருக்கும் வேறு நினைவு இல்லை என்று சொல்வேன். பிறகு ஆத்தா மூச்சை இழுத்தாள். ஊதலின் சுருதி ஏறியிருந்தது. முந்தின வாரம் புல்லாங்குழலின் கீழ்த்துளை மாதிரி இருந்தது, இப்போது மேலே, மெல்லிசாக. குழாய் ஒடுங்கினால் சுருதி ஏறும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

பிரேக் கம்பிகளுக்கு எண்ணெய் விட்டு இழுத்துக் கட்டியபின் மீதி நான்கு சக்கரங்களை மாட்டினோம். அப்போதுதான் பார்த்தேன். முன்பக்கம் இடது டயரின் பக்கவாட்டில், காற்று ஏற ஏற, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புடைப்பு எழுந்தது. உள்ளே நூல் அறுந்து, ரப்பர் மட்டும் தாங்கிக்கொண்டிருந்தது. அமுக்கினால் மெத்தென்று உள்ளே போய்த் திரும்ப எழும்பியது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

வேறு டயர் தேடினோம். அந்த அளவு இப்போதெல்லாம் வருவதில்லை என்று புதுக்கோட்டையிலும் சொன்னார்கள், திருச்சியிலும் சொல்லி அனுப்பினார்கள். நல்ல டயர் ஒன்று இருந்தது. அது நார்த்தாமலையில் கிழவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அன்று சாப்பாட்டு இலைக்கு முன்னாலேயே நான் ஆரம்பித்தேன். "அய்யா, அந்தச் சக்கரத்த பஸ்ஸுல போட்டுக் கொண்டாந்துருவோம்."

அய்யாவின் கை சோற்றில் நின்றது. "கொண்டாரக் கூடாது."

"முன்சக்கரம் வெடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுத்துரும்யா. கம்மாக் கரை மேல போறப்ப இழுத்துச்சுன்னா என்ன ஆகும்?"

"வாசலுக்குத் திரும்புனா பயணமே திரும்புனதாத்தான் அர்த்தம். ஒங்க ஆத்தா பயணம் திரும்பணுமா ஒனக்கு?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டு, "பின்னாடிக்கு மாத்திப் போட்டு, மெதுவா உருட்டிக்கிட்டு நார்த்தாமலை வரைக்கும் போயிருவோம். அங்க மாத்திக்கிடலாம்," என்றார். பர்மாவில் பாலம் இல்லாத ஆற்றில் லாரியை இறக்கியதாகக் கதை சொல்பவர். அந்தக் குரலில் அந்தக் கதைகள் எதுவும் இல்லை.

கேஸ்கெட் மதுரையிலிருந்து வைக்கோல் சுற்றி வந்து சேர்ந்தது. ரேடியேட்டரும் வந்தது. தலையை மூடி, தண்ணீர் ஊற்றி, சித்தப்பா முன்னால் நின்று கைப்பிடியைப் போட்டுச் சுற்ற, நான் உள்ளே உட்கார்ந்து காற்றடைப்பை, சோக்கை, இழுத்துப் பிடித்தேன். நாலைந்து தரம் செருமிவிட்டு அது பற்றிக்கொண்டது. கொட்டகை முழுக்க நீலப்புகை. வௌவால்கள் பகலில் வெளியே பறந்தன. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது. அத்தை வீட்டு வாசலுக்கு ஓடி வந்து, ஆத்தாவின் பக்கம் புகை போகாமல் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள்.

திருமயம் கோட்டை வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினோம். வண்டி வந்தது. பின்னால் அந்தப் புடைத்த டயர் மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் லொட் லொட் என்று தட்டிக்கொண்டு வந்தது. நாளை விடியலில் கிளம்புவது என்று அய்யா சொன்னார். சமுக்காளம், தலையணை, மண்பானையில் தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்தோம்.

அன்று பகல் பன்னிரண்டு இருக்கும். திருச்சியிலிருந்து வரும் பஸ் எங்கள் வீட்டு முன்னால் நின்றது. அங்கே நிறுத்தம் கிடையாது. கண்டக்டர் கூரைமேல் ஏறினார், எதையோ கயிறு அவிழ்த்தார், கீழே நின்றவரிடம் இறக்கினார். அது தரையில் விழுந்து ஒருமுறை துள்ளி, தானாகவே இரண்டு முழம் உருண்டு, எங்கள் வாசற்படியில் முட்டிச் சாய்ந்தது. மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் அப்படியே இருந்தது.

"ஒங்க வீட்டுச் சக்கரங்க," என்றார் கண்டக்டர். "நார்த்தாமலையில ஏத்தி விட்டாங்க. பெரியவரு நேத்துச் சாயந்தரம் தவறிட்டாராம். எளவு வீட்டுல பயணச் சாமான் கெடக்கக் கூடாது, ஒங்களுக்கு ஆகாதுன்னு, பத்திரமாச் சேக்கச் சொன்னாங்க. வரட்டுங்களா?"

பஸ் போய்விட்டது. நல்லதை நினைத்துத்தான் அவர்கள் அனுப்பியிருந்தார்கள். அந்த இழவுக்கு நடுவிலும் எங்கள் பயணத்தை நினைத்து, ஆளைத் தேடி, பஸ்ஸை நிறுத்தி. எங்கள் பக்கத்துச் சீர் தெரிந்த யாரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு வேண்டிய டயர் என் காலடியில் கிடந்தது. குனிந்து அதைத் தொட எனக்கே கை வரவில்லை.

அத்தை வாயில் துணியை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தி போனதற்கா, சக்கரம் வந்ததற்கா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. அய்யா வந்தார், பார்த்தார், உள்ளே போனார். தோல்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றபடியே புரட்டினார்.

"நாளைக்குப் பயணமில்ல," என்றார். "அடுத்த நல்ல நாள் பதினஞ்சு நாள் கழிச்சுத்தான்."

"அய்யா!"

"பதினஞ்சு நாள் பொறுக்கலாம்."

"பொறுக்காது," என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலும். சித்தப்பா என் தோளைப் பிடித்தார்.

அப்போது உள்ளேயிருந்து நாற்காலி நகரும் ஒலி. ஆத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து வந்திருந்தாள். அவள் எழுந்து நடந்து பல நாளாகியிருந்தது. நிலைப்படியில் சாய்ந்து, மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் எடுத்தாள். எல்லோரும் அந்த ஊதலைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"என்னங்க. சக்கரம் எங்க போச்சு?"

சித்தப்பா சொன்னார்: "நார்த்தாமலைக்கு மதினி."

"இப்ப எங்க இருக்கு?"

"வாசல்ல."

"அப்ப... போயிட்டு வந்துருச்சு." மூச்சு. "எங்க கெளம்புனாலும்... போறேன்னா சொல்றோம்? போயிட்டு வாரேன்னுதான... சொல்றோம்." மூச்சு. "அது சொன்னபடி வந்துருக்கு. இதவிடச் சகுனம்... என்ன வேணும் ஒங்களுக்கு?"

"எளவு வீட்டுலேருந்து வந்துருக்குடி," என்றாள் அத்தை.

"எளவு வீட்டுக்குள்ள... இருந்தும் வந்துருக்கு."

அய்யா பஞ்சாங்கத்தில் விரலை வைத்தபடியே ஆத்தாவின் கழுத்தைப் பார்த்தார், வெகுநாளாகப் பார்க்காமல் தவிர்த்ததைப் பார்க்கிற மாதிரி. பிறகு, "அந்தச் சக்கரத்தக் கழுவி மாட்டுப்பா," என்றார் தம்பியிடம்.

அத்தையே குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து அதன்மேல் ஊற்றினாள். நான் கழுவினேன். மறுபடி எல்லாச் சக்கரத்தையும் கழற்றி, நல்லதை முன்பக்கம் இடதில் போட்டு, புடைத்ததை மாற்றுச் சக்கரமாகப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினோம்.

மறுநாள் விடியலில் கிளம்பினோம். அய்யா முன்னால், சித்தப்பாவுக்குப் பக்கத்தில். நானும் ஆத்தாவும் பின்னால். அத்தை எதிரே வரவில்லை, தான் எதிர்ப்பட்டால் ஆகாது என்று கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். எங்களை அனுப்பிவிட்டுத்தான் இழவு வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தாள். ஆத்தா கதவைப் பார்த்து, "மதினி, போயிட்டு வாரேன்," என்றாள். உள்ளேயிருந்து பதில் வந்ததா தெரியவில்லை, எஞ்சின் சத்தம் அதை விழுங்கிவிட்டது.

நான் எதிர்பார்க்காத பயம் அங்கேதான் தொடங்கியது. இத்தனை நாளும் அந்த ஊதலைக் கேட்டுக் கேட்டு நடுங்கினோம். இப்போது காருக்குள் அது கேட்கவே இல்லை. எஞ்சின், கதவுகளின் கடகடப்பு, காற்று. ஆத்தா மூச்சு விடுகிறாளா என்று தெரிந்துகொள்ள அவள் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். அய்யா ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் திரும்பாமலே கேட்டார், "வருதா?" நான், "வருதுய்யா" என்றேன். நார்த்தாமலை வீட்டைக் கடந்தபோது வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்து அய்யா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஆத்தா மட்டும் அது மறையும்வரை பார்த்துக்கொண்டு வந்தாள்.

திருச்சி தாண்டி, காவிரியும் கொள்ளிடமும் தாண்டி, வெயில் ஏறியது. ரேடியேட்டர் கொதித்து மூடியிலிருந்து ஆவி பீறிட்டது. சித்தப்பா ஒரு புளியமர நிழலில் ஒதுக்கி எஞ்சினை அணைத்தார்.

நிசப்தம். டக் டக்கென்று ஆறும் இரும்பின் ஒலி. எங்கோ ஒரு காகம். ஊதல் இல்லை.

சித்தப்பாவும் அய்யாவும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பினார்கள். என் கைக்குக் கீழே முதுகு அசைந்ததா என்று எனக்கே சந்தேகம். ஆத்தா கண்ணைத் திறந்தாள்.

"என்ன... என்னயவே பாக்குறீங்க. வண்டிக்குத்தான்... தாகம்."

அய்யாவின் முகம் தெளிந்தது. "பாத்தியா, ஊதல் நின்னுருச்சு. காத்தாடப் போறதுல கொறஞ்சுருக்கு," என்றார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. குழலின் வாய் அடைபட்டுக்கொண்டே வந்தால் முதலில் ஊதும், ஊதல் ஏறும். போகிற காற்றே குறைந்துவிட்டால் ஊதலும் நின்றுவிடும். ஆத்தா மூச்சை இழுக்கவில்லை, சிறுகச் சிறுக உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சித்தப்பா எஞ்சின் ஆறும்வரை காத்திருக்கவில்லை. அதை மறுபடி ஓடவிட்டு, துணியைச் சுற்றி மூடியைத் திறந்து, பானைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஆவி அடித்து முழங்கை சிவந்தது. உதறிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் அவர் மெதுவாக ஓட்டவில்லை. விழுப்புரம் தாண்டிப் பின்சக்கரம் ஒன்று காற்று இறங்கியது. புடைத்த டயரை மாட்டுவதைத் தவிர வழியில்லை. மாட்டினோம். லொட் லொட் என்ற அந்தத் தட்டல் சென்னைவரை எங்கள் கூடவே வந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரி சேர்ந்தோம். டாக்டர் ஆத்தாவின் உதட்டையும் நகத்தையும் ஒரு பார்வை பார்த்தார். ஊர், பேர் ஒன்றும் கேட்கவில்லை. தள்ளுவண்டியில் உட்கார்ந்தபடியே உள்ளே கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலை எங்களை உள்ளே விட்டபோது ஆத்தா படுத்திருந்தாள். தலையணையில் தலை வைத்து, மல்லாந்து, கால் நீட்டி. கழுத்தின் அடியில் துளையிட்டு ஓர் உலோகக் குழாய் பொருத்தியிருந்தார்கள். மூச்சு அது வழியே சுலபமாகப் போய் வந்தது. அய்யா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

டாக்டர் எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். இங்கிலீஷில் சொன்னார். நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. மூச்சுக்கு வழி செய்துவிட்டோம். கட்டியை எடுக்க முடியாது, குரல்வளையைச் சுற்றி உள்ளே பரவிவிட்டது. அவ்வளவுதான். கட்டியைப் பற்றிய வாக்கியத்தை நான் வெகு வேகமாகச் சொல்லிவிட்டேன். அய்யா, "என்ன சொல்றாரு?" என்று மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது நர்ஸ் ஆத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்: குழாய் வாயை விரலால் மூடினால் காற்று மேலே ஏறும், பேச வரும். ஆத்தா விரலை வைத்தாள். எடுத்தாள். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரும்ப வைத்தாள்.

"எப்பக் கெளம்புறோம்?"

காற்று கலந்த குரல். ஆனால் நடுவில் நிற்கவில்லை. அய்யா குனிந்து தோல்பையின் பக்கிளை அவிழ்த்தார். பஞ்சாங்கத்தின் மூலை வெளியே தெரிந்தது.

"நாளப் பாக்காதீங்க," என்றாள் ஆத்தா. "வண்டியப் பாருங்க."

சித்தப்பா கட்டுப்போட்ட கையோடு எழுந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்கள் படியிறங்கிப் போனோம். ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்ற கார் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்தப் பின்சக்கரத்தில் காற்று அறவே இல்லை. புடைப்பு இருந்த இடத்தில் ரப்பர் பிளந்து உள்ளே டியூப் தெரிந்தது. நான் ஜாக்கியை எடுத்து அடியில் வைத்தேன்.